பளபளப்புக்குக் கீழே ஒரு வட்டம்

17

போன வாரம் தையல்காரி அந்தப் பலகையை ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அது பட்டறை நடுவில் கிடக்கிறது. இறக்கியவளைத் தவிர மற்ற இருவரும் படுத்திருக்கும் நாயைச் சுற்றிப் போவது போல அதைச் சுற்றிப் போகிறார்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது கடலில் அலைச்சறுக்கு விடுகிறவர்களுக்குப் பலகை செய்து கொடுக்கிற குடும்பம். பெரியவர் பலகைக்கு உருவம் கொடுப்பார், ஃபைபர் துணி வைத்து ரெசின் என்கிற பிசினை ஊற்றுவார். அவர் மனைவி அதைத் தேய்த்து வழுவழுப்பாக்குவாள். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூளோடு திரிவதால் தெருவுக்கே அவள் மாவக்கா. பெரியவரின் தம்பி சின்னவன் புதுப் பலகைகளைக் கடலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வான். சின்னவன் மனைவிதான் தையல்காரி, மாடி அறையில் உட்கார்ந்து பலகைகளுக்கு உறை தைப்பாள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், ஒரு போட்டியன்று காலையில், சின்னவன் புதுப் பலகையோடு கடலுக்குள் போனான். பலகை அன்று மத்தியானமே கரைக்கு வந்துவிட்டது. அவன் வர மூன்று நாள் ஆயிற்று.

ஓட்டுகிறவன் கணுக்காலையும் பலகையின் வாலையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். அந்தக் கயிறு மாட்ட வாலில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் பதித்திருப்பார்கள். பட்டறையில் அதற்குக் கப்பு என்று பேர். சின்னவனின் பலகையில் கப்பு வேரோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. பேய் அலை, பிடுங்கிவிட்டது என்று ஊர் சொன்னது. வீடும் ஆமாம் போட்டது.

அந்தப் பலகையில்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்குள் போகப்போகிறேன் என்று நிற்கிறாள் தையல்காரி. எட்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் நீச்சல் கற்றிருக்கிறாள். இரண்டு வார்த்தை அதிகம் பேசாதவள் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்ற ஆள் பிறந்து வரவேண்டும்.

இன்று புதன்கிழமை. பெரியவர் நேற்றே ஓட்டையை அடைத்துப் புதுக் கப்பு பதித்துவிட்டார். மேல்பூச்சு பளபளப்பா, தேய்ப்பா என்பதுதான் பாக்கி.

பளபளப்பு என்றால், தேய்த்து முடித்த பலகைமேல் கடைசியாக ஒரு தடவை ரெசின் ஊற்றி மெருகேற்றுவது. முகம் பார்க்கலாம், கனமும் கூடும். தேய்ப்பு என்றால், தேய்த்ததோடு கையை உதறிவிடுவது. லேசாக இருக்கும், ஆனால் பார்வைக்கு ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல். தண்ணீர் பட்டால் அந்த மங்கல் போய் அடிவரை தெரியும். காய்ந்தால் திரும்ப வந்துவிடும். ஓட்ட வந்தவன் தேய்ப்பு கேட்பான், படம் பிடிக்க வந்தவன் பளபளப்பு கேட்பான் என்று சின்னவன் கிண்டல் செய்வான்.

காலையில் கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவர் பத்து போர்டு வச்சிருந்தாரு. ஒன்பதும் தேய்ப்பு. இது மட்டும் ஏன் பளபளப்பு?"

மாவக்கா முகமூடியின் பட்டையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் சரிசெய்தாள்.

"போட்டி இல்லையா. ஃபோட்டோல எடுப்பா இருக்கட்டும்னு போட்டது."

"யாரு சொல்லிப் போட்டது?"

"ஞாபகம் இல்லம்மா."

தையல்காரி பலகையின் வாலைப் பார்த்தாள். வால் மட்டும் ஒரு முழ நீளத்துக்குக் கருநீலம். மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"இந்த நீலம் எனக்கு வேண்டாம்கா. எடுத்துடுங்க. மேல என்ன போடறதுன்னு அஞ்சு மணிக்கு வந்து சொல்றேன்."

அவள் மாடி ஏறியதும் மாவக்காவுக்கு மூச்சு வந்தது. பெரியவர் நேற்று நேர் எதிராகச் சொல்லியிருந்தார். நீலத்தில் கை வைக்காதே, மேலாப்பில் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடு, நான் அதன்மேலேயே திரும்ப நீலம் ஊற்றிவிடுகிறேன் என்று. பழைய பூச்சின்மேல் புதுப் பூச்சு ஒட்டாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே தெரிந்துகொள்கிற பாடம். இருபது வருஷம் ஊற்றிய மனுஷன் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சின்னவன் போன நாளிலிருந்து பெரியவர் ஒரு பலகைக்கும் பளபளப்பு ஊற்றியதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். துக்கம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஞாபகம் இல்லை என்று சொன்னாளே, அது பச்சைப் பொய். பளபளப்பு போடச் சொன்னது அவளேதான்.

தேய்க்கிறவர்களுக்கு ஒரு கண்டம் உண்டு. கப்பு பலகை மட்டத்துக்கு மேலே ஒரு துளி துருத்திக்கொண்டிருக்கும். அதை மட்டமாக்கும்போது மெஷின் பக்கத்தில் சறுக்கி, ரெசினைத் தாண்டித் துணியையே தின்றுவிடும். அந்த இடம் வெளுத்துப்போய் நூல் நூலாகத் தெரியும். அது பெரிய குற்றமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்தால் போதும். ஊற்றுகிறவர் பார்த்து, மேலே இன்னொரு துண்டுத் துணி வைத்து ஊற்றுவார். மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது என்பதால் பட்டறையில் வட்டம்தான் பேச்சு. போட்டவர் வாய் திறப்பதில்லை, பார்த்தவர் கேள்வி கேட்பதில்லை.

போட்டிக்கு முதல் நாள் மாவக்கா கப்பைச் சுற்றித் துணியைத் தின்றுவிட்டாள். அவள் வட்டம் போடவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் சின்னவன், அண்ணி கை அண்ணி கைதான், அவங்க தேச்சா வட்டமே இருக்காது என்று நாலு பேர் முன்னால் பெருமையடித்திருந்தான். அந்தப் பெருமை கெட வேண்டாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். மேலே பளபளப்பு ஊற்றினால் வெளுப்பு தெரியாது. இதுக்கு மட்டும் பளபளப்பு போடுங்க என்று பெரியவரிடம் போய்ச் சொன்னாள்.

தெரியாமல் போகும், ஆனால் பலம் வராது. அது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் போட்டிதானே, தாங்கும் என்று நினைத்தாள்.

தாங்கவில்லை. அன்றிலிருந்து அவளும் தூங்கவில்லை.

பலகை கரைக்கு வந்தபோது உள்ளே தண்ணீர் குடித்திருந்தது. ஸ்டாண்டில் வாலைக் கீழாக வைத்ததும் சொட்டத் தொடங்கியது. நாலு மாதம் சொட்டியது. சொட்டு நின்ற பிறகும் தரையில் வெள்ளையாக ஒரு உப்புத் தடம் இருந்தது. அவள் துடைப்பாள், மழை நாளில் ஈரக்காற்று பட்டால் அதே இடத்தில் அதே தடம் வந்து உட்காரும். இன்று காலையிலும் வந்திருந்தது. துடைக்காமல் தாண்டிப் போனாள்.

மத்தியானம் தேய்ப்பறைக்குள் பலகையைக் கிடத்திக் கதவைச் சாத்தினாள். முகமூடி, கண்ணாடி, காதடைப்பு, எல்லாம் மாட்டி மெஷினைப் போட்டால் உலகமே வெள்ளையாகிவிடும். அந்த நேரத்தில் சின்னவன் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் வாசல் சுவிட்சை இரண்டு தடவை தட்டுவான். விளக்கு இரண்டு தடவை அணைந்து எரியும். அவள் திரும்பினால் டீ டம்ளரோடு சிரித்துக்கொண்டு நிற்பான்.

அவன் போன பிறகும் அந்த விளக்கு எப்போதாவது இரண்டு தடவை அணைந்து எரிகிறது. எலக்ட்ரீசியன் வந்து கம்பியெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லாதான் இருக்கு என்று சொல்லிப் போய்விட்டார். அவள் பெரியவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் பார்த்திருக்கிறேன் என்பாரோ என்று பயம்.

நீலம் வாலின் நுனியிலிருந்து தூளாகக் கிளம்பியது. முன்கையெல்லாம் நீலம். கப்பை நெருங்கினாள். இந்த ஒரு சாண் இடத்தில் அவள் செய்தது கிடக்கிறது. இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டினால் அதுவும் தூளாகிப் போய்விடும். போகட்டும் என்று மெஷினை அழுத்தினாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

மெஷினை நிறுத்தித் திரும்பினாள். கதவு சாத்தியபடியே இருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

குனிந்து பலகையைப் பார்த்தாள். மிச்சமிருந்த நீலத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வளைந்து போனது. உப்புத்தாளைக் கையில் எடுத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற பதத்தில் மெல்லத் தேய்த்தாள். கோடு வளைந்துகொண்டே வந்து கப்பைச் சுற்றி முடிந்தது. பென்சில் வட்டம். முடிகிற இடத்தில் சுழித்துவிட்ட ஒரு சின்ன வால்.

அந்த வால் சின்னவனுடையது. அவன் போடுகிற வட்டமெல்லாம் வாலோடுதான் இருக்கும்.

அப்படியானால் அவன் பார்த்திருக்கிறான். அண்ணி செய்த தப்பைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல், அவளுக்குப் பதிலாகத் தானே வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாவக்கா முகமூடிக்குள்ளேயே அழுதாள். அழுது முடிந்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. வட்டம் போட்டிருந்தால் துணி வைத்திருக்க வேண்டும். இங்கே துணி இல்லை. வட்டத்துக்கு மேலே நேராக நீலம்.

நீலம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டது நிறமில்லாத பளபளப்பு. அடுத்த நாள் காலையில் நீலத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டபோது, ஃபோட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று பெரியவர் சொன்னார். அந்த வாக்கியத்தைத்தான் இன்று காலை அவள் தையல்காரியிடம் ஒப்பித்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. நான் மட்டும் இல்லை என்ற நிம்மதி. அடுத்த நொடியே அதற்காகத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பெரியவர் ரெசின் அறையில் இருந்தார். மேஜைமேல் பானையில் ரெசின் அளந்து வைத்திருந்தது. பக்கத்தில் நீலச் சாய டப்பா.

"உள்ள ஒரு வட்டம் இருக்குங்க."

அவர் திரும்பவில்லை.

"என்ன வட்டம்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கல."

பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னார். ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலந்துவிட்டால் பன்னிரண்டு நிமிஷம்தான், அப்புறம் பானையிலேயே சூடேறிக் கல்லாகிவிடும், அதற்குள் ஊற்றியாக வேண்டும். அது அவளுக்கும் தெரியும். அன்று அவர் கலந்த பானையோடு பலகைகிட்டே போன பிறகுதான் வட்டத்தைப் பார்த்தார். துணி வைக்க வேண்டுமென்றால் பானையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். பொழுது போய்விட்டிருந்தது. ஊற்றிவிடலாம், போட்டி முடிந்து வந்ததும் பிரித்துச் சரிபண்ணலாம் என்று நினைத்தார். ஆனால் நிறமில்லாமல் ஊற்றினால் காலையில் சின்னவன் தன் வட்டத்தைப் பார்த்துவிடுவான், துணி எங்கே என்று கேட்பான். டப்பாவைத் திறந்து நீலத்தைக் கலந்துவிட்டார்.

"நான் ஏன் பளபளப்பு போடச் சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வட்டத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுது."

மாவக்கா முகமூடியைக் கழற்றினாள்.

"அப்ப பதினாலு மாசமா நான் தனியா வெந்துட்டு இருந்ததைப் பார்த்துட்டே இருந்தீங்க."

"நீ அழுதுட்டிருந்தே. நானும் ஆரம்பிச்சா ஏன்னு கேப்பியேன்னு இருந்துட்டேன்."

ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தம்பி, ஒரே கூரையின் கீழ் இருபது வருஷம் வாழ்ந்த பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் நடுவில் இந்த மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் மட்டும் என்ன, அரைப் பூசணிக்காய்.

பெரியவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. வட்டத்தைத் தேய்த்து எடுத்துவிடு என்றார். கப்பை நேற்று இரண்டு மடங்கு பலமாகப் பதித்திருக்கிறேன், மேலே துணியும் வைக்கிறேன், அவள் உயிருக்கு ஒன்றும் ஆகாது, அப்புறம் கீழே என்ன இருந்தது என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்றார். கடைசியாக, அவளுக்குத் தெரிஞ்சா போயிடுவா என்றார்.

அதுதான் விஷயம். இந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. மாடியில் ஓடுகிற தையல் மெஷின் சத்தம்தான் இந்த வீட்டுக்கு உயிர். அது நின்றுவிட்டால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாகவேண்டியதுதான்.

மாவக்கா தேய்ப்பறைக்குத் திரும்பினாள். உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். பத்து இழுப்பு போதும். வட்டத்தின் அருகே கொண்டுபோய்க் கையை நிறுத்தினாள். அண்ணி கை அண்ணி கைதான் என்று சொன்னவன் போட்ட கோடு அது. தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, பலகை பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு, மணி ஐந்தாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிக்குத் தையல்காரி வந்தாள். பெரியவரும் பின்னாலேயே வந்து கதவோரத்தில் நின்றார். கையில் பானை இருந்தது. நீல டப்பா இல்லை.

"என்னக்கா, எது போடலாம்?"

மாவக்கா ஈரத் துணியைப் பிழிந்து வாலின்மேல் ஒரு தடவை இழுத்தாள். மங்கல் விலகியது. கப்பைச் சுற்றி வட்டம் கறுப்பாகத் தெரிந்தது, வாலோடு.

தையல்காரி குனிந்து அந்தச் சுழியை விரலால் தொட்டாள்.

"துணி இருக்கா?"

கேட்ட விதத்தில் ஆச்சரியம் இல்லை. மாவக்கா ஈரத் துணியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்படி..."

"அன்னிக்குக் காலைல கிளம்பும்போது அவர் சொன்னாருக்கா. அண்ணி ஒரு இடத்துல தின்னுட்டாங்க, நான் வட்டம் போட்டேன், அண்ணன் சரி பண்ணி மேல நீலம்கூட ஊத்தி வச்சிருக்காரு. அண்ணிகிட்டக் கேட்டுடாதே, மனசு கஷ்டப்படுவாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் நிமிரவில்லை.

"அப்புறம் போர்டு வந்துச்சு. கப்பு இல்ல. துணி வச்சிருந்தா எப்படிப் பிடுங்கும்னு நானே கேட்டுட்டு நானே பதில் சொல்லிட்டு இருந்தேன். பாக்கணும்னா நீலத்தை எடுக்கணும். சும்மா கேட்டா எடுக்க மாட்டீங்க, யாராவது இதுல ஏறறேன்னு நின்னாத்தான் எடுப்பீங்க. அதுக்குத்தான் நீச்சல் கத்துக்கிட்டேன். துணி இருக்கா, சொல்லுங்க."

"இல்ல," என்றாள் மாவக்கா. "தின்னது நான். மறைக்கப் பளபளப்பு கேட்டதும் நான்."

"வைக்காதது நான்," என்றார் கதவோரத்திலிருந்து பெரியவர். "வட்டத்தைப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன். நீலம் அதுக்குத்தான்."

தையல்காரி அழுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். திட்டினால்கூட நன்றாயிருக்கும். அவள் அலமாரியிலிருந்து ஃபைபர் துணிச் சுருளை எடுத்தாள், இடுப்பில் சொருகியிருந்த கத்தரிக்கோலால் வட்டத்துக்கு நாலு விரல் பெரிதாக ஒரு துண்டு வெட்டினாள். தையல்காரி வெட்டு, ஓரத்தில் ஒரு நூல் பிசிறவில்லை. அதை வட்டத்தின்மேல் விரித்தாள்.

"வைங்க மாமா. அவர் கேட்டதை இப்ப வைங்க. நான் நின்னு பாக்கறேன்."

"மேல..." என்றார் பெரியவர்.

"மேல பளபளப்பு வேண்டாம். தேய்ப்பே இருக்கட்டும். வீட்ல இருக்கும்போது இது யார் கண்ணுக்கும் தெரிய வேண்டாம். தண்ணில இறங்கினா எனக்குத் தெரிஞ்சா போதும்."

பிறகு மாவக்காவைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கரைக்கு வாங்க. திரும்பி வந்தப்புறம், நான் இங்கேயே இருக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

பெரியவர் ஹார்டனரைப் பானையில் ஊற்றிக் கலக்கினார். குச்சி பானை விளிம்பில் கடகடவென்று அடித்தது. பலகைகிட்டே வந்தார், குனிந்தார், வட்டத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பெண்கள் இருவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது.

"மத்தியானமும் இப்படித்தான். நீதானா அது?" என்று மாவக்கா மெல்லக் கேட்டாள்.

"நான் மாடிய விட்டு இறங்கவே இல்லக்கா."

மூன்று பேரும் சுவிட்சுப் பக்கம் திரும்பினார்கள். அது கதவுக்கு வெளியே இருந்தது, அவர்கள் உள்ளே இருந்தார்கள். பெரியவரின் கையில் பானை சூடேறத் தொடங்கியிருந்தது.

"ஊத்துங்க," என்றாள் மாவக்கா. "அவன் காத்துட்டிருக்கான்."